ஓடைக்கரையும் லைன் வீடும்: வளரும் ஊர் எதை முதலில் செய்யலாம்?

நான் பிறந்து வளர்ந்தது திருப்பூரில், ஒரு லைன் வீட்டில். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமாக ஓர் ஓட்டுக் கட்டடம். குறுக்குச் சுவர் வைத்து அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஓர் அறைதான் ஒரு வீடு. எங்கள் வளவில் எதிரும் புதிருமாக 12 வீடுகள் இருந்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் துணி மூட்டை, மிச்ச இடத்தில் நாங்கள் ஐந்து பேர். கணக்குப் போட்டால் ஆளுக்கு 24 சதுர அடி. ஒரு கட்டில் போட்டாலே 18 சதுர அடி போய்விடும். அந்த வளவில் எந்த வீட்டிலும் நான் கட்டிலைப் பார்த்ததில்லை.

வளவின் கோடியில் இரண்டு கக்கூஸ். 12 வீட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 60 பேர், அதாவது ஒரு கதவுக்கு 30 பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் எல்லாரும் போய் வர இரண்டரை மணி நேரம் ஆகும். பனியன் கம்பெனியில் எட்டரைக்கு ஷிப்ட். என் அம்மா நாலு மணிக்கே வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். உப்புத் தண்ணி எப்போதும் கிடைக்கும். நல்ல தண்ணி வரும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் குடத்தோடு நிற்பேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெரிசலான, சுகாதாரமில்லாத குடியிருப்பு என்றதும் எல்லோர் மனதிலும் வருவது ஆற்றங்கரைக் குடிசைதான். வேகமாக வளரும் ஊரில் அது பாதிப் படம். மறு பாதி, வாடகை ரசீதுகூட இல்லாமல் லைன் வீடுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருப்பூரும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து ஐந்தரை லட்சம் பேர். 2011இல் அது ஒன்பது லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. பத்து வருடத்தில் வந்து சேர்ந்த நாலு லட்சம் பேர் எங்கே தூங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் இப்படிப்பட்ட அறைகளில்தான்.

சரி, இப்படி ஓர் ஊரின் மாநகராட்சி கையில் கொஞ்சம் பணமும், ஓடைக்கரையில் சில நூறு குடிசைகளும், ஊர் முழுக்க லைன் வீடுகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அது எதைச் செய்யலாம்? நம் கண் முன்னால் சென்னை ஐம்பது வருடமாக எல்லா வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறது. அங்கே நடந்ததை வைத்தே ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது

அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்த வழி இது. ஊருக்கு வெளியே அரசு நிலம் சும்மா கிடக்கிறது. அங்கே அடுக்குமாடி கட்டி, ஓடைக்கரையைக் காலி செய்து, சாவியைக் கையில் கொடுத்துவிடலாம். காகிதத்தில் இதைவிடச் சுத்தமான திட்டம் கிடையாது.

சென்னையில் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று இது நடந்தது. கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். பெரும்பாக்கத்தில் அதைவிட அதிகம், அதுவும் எட்டு மாடிக் கட்டடங்கள். கூவம் கரையிலும் நகரின் நடுப்பகுதியிலும் இருந்தவர்கள் 20, 25 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கினார்கள்.

அங்கே தடுக்கியது வீடு இல்லை, தூரம். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். குடிசையிலிருந்து நடந்தே போய் காலையில் மூன்று வீட்டு வேலையை முடித்துவிட்டு, நடுவில் வந்து பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, சாயங்காலம் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போவார். 20 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அந்த நாள் இரண்டாக உடைந்துவிடும். இரண்டு பஸ், போக வர மூன்று மணி நேரம், வீட்டில் தனியாகப் பிள்ளை. வேலையை விட்டவர்கள் உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்தவர்களும் உண்டு. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் ஆட்கள் குடியேறிய பிறகு மெதுவாக வந்து சேர்ந்தன. முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தால் வேலை தரத் தயங்கிய முதலாளிகளைப் பற்றி அங்கிருக்கும் இளைஞர்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். அந்தப் பெயருக்கு இன்று அந்தப் பிள்ளைகள் பெருமை தேடித் தருகிறார்கள் என்றால், அந்தப் பெருமை அவர்களுடையது மட்டுமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது சொல்லப்பட்ட காரணம் வெள்ள ஆபத்து. ஆனால் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். செம்மஞ்சேரி குடியிருப்புக்குள் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பதை அதற்குப் பிறகும் பார்த்தோம். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் நிலம் ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று முதலில் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் தண்ணீர் நிற்கிற இடமாக இருக்கும், இல்லையென்றால் பஸ் வராத இடமாக இருக்கும்.

ஒரு நடுத்தர ஊரில் 20 கிலோமீட்டர் தூரம் வராது, ஏழு எட்டு கிலோமீட்டர்தானே என்பார்கள். சென்னையில் இருக்கும் பஸ்ஸும் மின்சார ரயிலும் நடுத்தர ஊரில் கிடையாது. இரவு ஷிப்ட் முடிந்து பதினொரு மணிக்கு வெளியே வரும் பெண்ணுக்கு எட்டு கிலோமீட்டர் என்பது மிகப் பெரிய தூரம்.

இருந்த இடத்திலேயே மாடி வீடு

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. 2021இல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். தொடக்க காலத்தில் அது செய்த முக்கிய வேலை, குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் கட்டடம் எழுப்பி அதே ஆட்களைக் குடிவைப்பது. 200 சதுர அடியை ஒட்டிய சின்ன வீடுகள்தான். ஆனாலும் வேலை, பள்ளிக்கூடம், சொந்தபந்தம் எதுவும் கைவிட்டுப் போகவில்லை. நகரின் நடுவே, கோடிக்கணக்கில் விலை போகும் நிலத்தில், இன்றும் ஏழைகள் வாழ்கிறார்கள் என்றால் அந்தக் கட்டடங்களால்தான். வாரியத்தைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் இதை மறக்கக் கூடாது.

சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. கட்டடம் வாரியத்துடையது, தண்ணீர்க் குழாய் இன்னொரு துறையுடையது, குப்பை மாநகராட்சியுடையது. மாடியில் குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அப்படி ஒரு பழைய கட்டடம் இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து ஆட்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது செய்தியானது. முதலாவது வயதான கட்டடத்தின் கதை, இரண்டாவது கட்டும்போதே நடந்த தவறு. இரண்டிலும் மாட்டிக்கொண்டவர்கள் குடியிருந்தவர்கள்தான்.

கட்டி முடிக்கும்வரை எங்கே இருப்பது என்பதும் சின்னக் கேள்வி இல்லை. இடித்துக் கட்டும்போது குடும்பத்துக்குத் தரும் கருணைத் தொகை 8,000 ரூபாயாக இருந்தது, பிறகு 24,000 ஆனது. கட்டடம் முடிய 18 மாதம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய். அந்தப் பணத்துக்குத் திருப்பூரில் லைன் வீடுகூடக் கிடைக்காது. 18 மாதம் மூன்று வருடமானால் அந்தக் குடும்பம் கடனில் மூழ்கிவிடும்.

மாடி வீட்டைப் பற்றி இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. நெரிசலை மேலே தூக்கி அடுக்கினால் அது நெரிசல் இல்லை என்று ஆகிவிடாது. மும்பையில் கோவண்டி, மான்கூர்ட் பக்கம் இருக்கும் நட்வர் பாரேக், லல்லுபாய் காம்பவுண்ட் ஆகிய மறுவாழ்வுக் குடியிருப்புகளில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே மூன்று மீட்டர்தான் இடைவெளி விட்டார்கள். கீழ்மாடிகளில் வெயிலும் காற்றும் ஏறவில்லை. அங்கே காசநோய் அதிகமாக இருப்பதை 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கட்டட அமைப்போடு தொடர்புபடுத்திக் காட்டியது. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. மூடிய அறையில் தங்கும், காற்றோட்டமும் வெயிலும் இருந்தால் பலவீனமாகும். வீடு கான்கிரீட்டா ஓலையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

செலவையும் பார்த்துவிடுவோம். இன்று இப்படி ஒரு வீட்டுக்கு நிலத்தின் விலை இல்லாமலே பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. சில நூறு குடும்பங்களுக்குச் செய்யலாம். ஊர் முழுக்கச் செய்ய எந்த மாநகராட்சியிடமும் பணம் இல்லை.

சாக்கடை, தண்ணீர், பட்டா: வீட்டைத் தொடாமல் சுற்றுப்புறத்தை மாற்றுவது

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி இது. அரசியல் மேடைக்கு மட்டும் இது உதவாது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட ஒரு கட்டடம் இருக்காது, மண்ணுக்கடியில் ஒரு குழாய்தான் இருக்கும்.

வீட்டைக் கட்டிக்கொள்ள ஏழைக்குத் தெரியும். ஓலை தகரமாகும், தகரம் ஓடாகும், மகள் வேலைக்குப் போனதும் கூரை தளமாகும். எங்கள் ஊரில் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் ஒரு குடும்பம் தனியாகச் சாக்கடை போட முடியாது, தனியாகக் குடிநீர்க் குழாய் இழுக்க முடியாது, தன் பெயரில் தானே பட்டா எழுதிக்கொள்ள முடியாது. அந்த மூன்றையும் ஊர் செய்துகொடுத்தால் மிச்சத்தை வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்.

உலக வங்கிக் கடனில் 1977இல் சென்னையில் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் இந்த எண்ணத்தில்தான் பல குடிசைப் பகுதிகளுக்குத் தெரு, குழாய், கழிப்பறை, விளக்கு போட்டுக்கொடுத்தது. நிலத்துக்குத் தவணை கட்டி முடித்ததும் பத்திரம் என்பது ஏற்பாடு. கட்டி முடித்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராமல் அலைந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் இனி யாரும் நம்மைத் துரத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்ததுமே மக்கள் செங்கல் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சாக்கடை என்றதும் பாகிஸ்தானில் கராச்சியின் பெரிய குடிசைப்பகுதியான ஒராங்கியை நினைக்காமல் இருக்க முடியாது. 1980இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஒரு சந்தில் இருக்கும் 20, 30 வீடுகள் ஒன்றுகூடி, தாங்களே பணம் போட்டு, அந்தச் சந்துக்கான பாதாளச் சாக்கடையைத் தாங்களே பதித்தார்கள். வரைபடமும் மட்டம் பார்க்கும் கருவியும் சொல்லிக்கொடுக்க ஆளும் திட்டத்திலிருந்து கிடைத்தன. சந்துக்கு வெளியே பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. இடைத்தரகர் இல்லாததால் அரசு போடும் மதிப்பீட்டைவிடப் பல மடங்கு குறைந்த செலவில் முடிந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சென்னையை ஒட்டிய ஆலந்தூர், தனி நகராட்சியாக இருந்த காலத்தில், 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் கேட்டது. அன்றைக்கு அது பெரிய தொகை. மக்கள் கட்டினார்கள். நகராட்சி வீதி வீதியாகக் கூட்டம் போட்டு, எந்தத் தெருவில் எப்போது குழி தோண்டுவோம் என்று சொல்லிப் பணம் வாங்கியது. நாற்றத்தையும் கொசுவையும் கழிவுநீர் லாரிக்குக் காத்திருப்பதையும் சகித்துக்கொண்டிருந்த மக்களுக்கு வேலை நடக்கும் என்று தெரிந்தால் போதும். திருச்சியில் கிராமாலயா போன்ற அமைப்புகளின் துணையோடு பெண்கள் குழுக்கள் பொதுக் கழிப்பறைகளைச் சில்லறைக் கட்டணம் வாங்கி நடத்தியதும் இதே வகைதான். சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கழிப்பறை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது முடிவாகிறது.

பட்டாவுக்கு வருவோம். புறம்போக்கு எல்லாம் ஒன்றல்ல. ஓடை, குளம், மேய்ச்சல் நிலம் போன்றவை ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. மற்றவை ஆட்சேபணையற்றவை, வரன்முறைப்படுத்திப் பட்டா தர வழி உண்டு. பட்டா கிடைத்தால் என்ன ஆகும்? 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் முதல் கட்டத்தில், தானே வீடு கட்டிக்கொள்ளும் குடும்பத்துக்கு மத்திய அரசின் ஒன்றரை லட்சமும் மாநில அரசின் 60 ஆயிரமும் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. நிலம் தன் பெயரில் இருந்தால்தான். அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு ஆகும் செலவில் நான்கைந்து குடும்பங்களுக்கு இப்படி உதவலாம். அதனால்தான் ஒரு ஊர் முதலில் செய்ய வேண்டியது எந்தக் குடிசைப்பகுதி எந்த வகைப் புறம்போக்கில் இருக்கிறது என்று சர்வே எண்ணோடு பட்டியல் எடுப்பது என்கிறேன். வருவாய்த் துறையும் மாநகராட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சில மாத வேலை.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத மூன்றடிச் சந்துகளில், ஆளுக்கு அரை சென்ட்கூட இல்லாத இடத்தில், குழாய் மட்டும் போட்டால் நெரிசல் தீராது. அங்கேதான் இருந்த இடத்து மாடி வீடு நியாயமாகிறது.

ஆட்கள் வருவதற்கு முன்னால் மனை

1977 திட்டத்துக்கு இன்னொரு பாதியும் இருந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், பிறகு முகப்பேர் போன்ற இடங்களில் நிலத்தை எடுத்து, தெருவும் குழாயும் சாக்கடையும் போட்டு, மனையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மிகச் சிறியவை ஏறக்குறைய ஒரு சென்ட். வீடு கட்டுவது அவரவர் பொறுப்பு. அன்று அவை ஊருக்கு வெளியே இருந்தன. பல மனைகள் சில வருடம் காலியாகக் கிடந்தன. ஏழைகள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள், திட்டம் தோல்வி என்றுகூட எழுதினார்கள்.

இன்று அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு சென்ட் மனையில் மூன்று மாடி, கீழே தையல் கடை, மேலே ஒரு வாடகைக் குடும்பம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. பல வருடம் கழித்து உலக வங்கியே சென்னையிலும் மும்பையிலும் இருந்த அந்த இடங்களைத் திரும்பிப் பார்த்து, நாம் நினைத்ததைவிட இவை நன்றாக வந்திருக்கின்றன, வசதியானவரும் இல்லாதவரும் கலந்தே வாழ்கிறார்கள் என்று எழுதியது. பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு விற்றுச் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தது அந்தக் கலப்புக்குக் காரணம்.

வளரும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னேற்பாடு இல்லை. சென்னையில் இன்று இதைச் செய்ய நிலம் கிடையாது. ஓசூரிலும் திருப்பூரிலும் இன்னும் இருக்கிறது, பத்து வருடம் கழித்து இருக்காது. ஆனால் பலன் தெரியப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். இன்று காலை வரிசையில் நிற்பவருக்கு இதனால் உதவி இல்லை.

யாரும் பேசாத வாடகைக்காரர்

மேலே சொன்ன நான்கிலும் லைன் வீட்டுக் குடும்பத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓடைக்கரையில் இருப்பவர் பெயராவது கணக்கெடுப்பில் வரும். பட்டா நிலத்தில், வரி கட்டும் கட்டடத்தில், 12 குடும்பங்கள் இரண்டு கக்கூஸோடு இருந்தால் அது எந்தப் பட்டியலிலும் குடிசைப்பகுதி ஆகாது.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் எங்கள் வளவின் செப்டிக் டேங்க் நிரம்பி, கருப்புத் தண்ணீர் வாசற்படிவரை வந்தது. கடைசி வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லோரும் சேர்ந்து வீட்டுக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டதில், அடுத்த மாதம் இன்னும் இரண்டு கக்கூஸ் கட்டினார். கட்டி முடித்த மாதமே வாடகையில் 50 ரூபாய் ஏற்றினார். மூன்று குடும்பங்களால் தாங்க முடியவில்லை. சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போன இடம் ஜம்மனை ஓடைக்கரை.

இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தள்ளுவண்டி என் கண்ணுக்குள் இருக்கிறது. ஓடைக்கரைக் குடிசை வானத்திலிருந்து விழுவதில்லை. ஊரில் மலிவான வாடகை வீடு தீர்ந்துபோகும் இடத்தில் ஓடைக்கரை ஆரம்பிக்கிறது. லைன் வீட்டைக் கவனிக்காமல் ஓடைக்கரையை மட்டும் காலி செய்தால் அடுத்த மூன்று வருடத்தில் அதே கரையில் வேறு குடும்பங்கள் இருக்கும்.

விதி மீறிய லைன் வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்து சீல் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் அதே தள்ளுவண்டிதான் பதில். தண்டனை வீட்டுக்காரருக்குப் போகாது, குடியிருப்பவர் தலையில் விழும்.

என் யோசனை இது. இரண்டு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, ஒழுங்கான செப்டிக் டேங்க் அல்லது பாதாளச் சாக்கடை இணைப்பு, ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிராக இரண்டு சன்னல் என்று மாநகராட்சி குறைந்தபட்ச அளவு ஒன்றை வைக்கட்டும். அதைச் செய்யும் வீட்டுக்காரருக்குக் குறைந்த வட்டியில் கடனும் சில வருடச் சொத்துவரிச் சலுகையும் கொடுக்கட்டும். பதிலுக்கு அந்த வருடங்களில் வாடகை இவ்வளவுக்கு மேல் ஏறாது என்று எழுதி வாங்கட்டும். எழுதி வாங்கச் சட்டம் இருக்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம் கட்டாயம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. லைன் வீட்டுப் பக்கம் அந்தச் சட்டம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கடனையும் வரிச் சலுகையையும் கையில் பிடித்துக்கொண்டு போனால் எட்டிப் பார்க்கும். 12 வீட்டு வளவில் நான்கு கழிப்பறை கூடுதலாகக் கட்ட ஆகும் செலவு, அடுக்குமாடி வீடு ஒன்றின் விலைக்குக் கிட்டேகூட வராது.

தனியாக வந்து வேலை செய்பவர்களுக்கு விடுதி கட்டுவது வேறு ஒரு வழி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024இல் பெண் தொழிலாளர்களுக்காக 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். நல்ல காரியம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் இளைஞர்கள் பத்துப் பேராக ஓர் அறையில் அடைந்து கிடக்கும் ஊர்களில் இது லைன் வீடுகளின் மேல் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். குடும்பமாக வந்தவர்களுக்கு இது ஆகாது. வேலை போனால் படுக்கையும் போகும் என்ற பயமும் கூடவே இருக்கும்.

ஒரு ஊரின் கையில் ஐந்து வருடம் இருந்தால்

நானாக இருந்தால் பணத்தின் பெரும்பகுதியைச் சாக்கடைக்கும் தண்ணீருக்கும் வைப்பேன். ஆட்சேபணையற்ற நிலத்தில் இருக்கும் குடிசைப்பகுதிக்கெல்லாம் முதல் இரண்டு வருடத்துக்குள் பட்டா. லைன் வீட்டுக் கழிப்பறைக் கடன் முதல் வருடத்திலேயே தொடங்கும், ஏனென்றால் ஒரு மழைக்காலம் தாமதித்தாலும் அதற்கு விலை ஒரு குழந்தையின் உடம்பு. பஸ் போகும் சாலையை ஒட்டி, மூன்று நான்கு கிலோமீட்டருக்குள், ஐம்பது ஏக்கராவது மனைக்காக இப்போதே வாங்கிவைப்பேன். இருந்த இடத்து மாடி வீடு, சந்து அகலப்படுத்தவே முடியாத ஒன்றிரண்டு இடங்களில் மட்டும். அதுவும் நான்கு மாடிக்கு மேல் வேண்டாம். லிப்ட் கெட்டுப்போனால் எட்டாவது மாடிக்கு ஒரு குடம் தண்ணீரோடு ஏறும் கர்ப்பிணியை நினைத்துப் பார்த்துவிட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடட்டும்.

ஓடையின் வழியிலேயே, வெள்ளம் வந்தால் முதலில் அடித்துக்கொண்டு போகிற இடத்தில் இருப்பவர்களை மாற்றித்தான் ஆக வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. அப்படி மாற்றும்போது அதே வார்டிலோ பக்கத்து வார்டிலோ இடம் பார்க்க வேண்டும். அந்த இடத்தின் சர்வே எண்ணையும் முந்தைய மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதையும் மக்களிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும். வாடகைக்கு இருந்தவர் பெயரும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும். ஏப்ரலில் பரீட்சை முடிந்த பிறகுதான் வண்டி வர வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது புதிய இடத்துப் பள்ளியில் அந்தப் பிள்ளைகளின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏற்கெனவே ஏறியிருக்க வேண்டும்.